படித்த கதை உங்கள் கதைக்குள் புகுந்துவிட்டதா? கண்டுபிடிப்பது எப்படி

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிறுகதை எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து, பால்காரர் வருவதற்குள் முடித்துவிட்ட கதை, அதனாலேயே அது தானாக வந்தது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். ஒரு சிற்றிதழில் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். ஐந்தாவதாகக் கூப்பிட்டவர் வயதானவர், குரலைத் தாழ்த்தி, "தம்பி, கடைசியில அந்தம்மா விளக்கை அணைக்காமலே கதவைச் சாத்திட்டுப் போறாங்களே, அது வேற ஒருத்தர் கதையில இருக்குது, படிச்சதில்லையா?" என்றார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டிரங்குப் பெட்டியைக் குடைந்தால், ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கொடுத்த தொகுப்பு. அதில் அந்தக் கதை. கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் என் பென்சில் கோடு, அதுவும் இரண்டு முறை போட்டது.

திருடவில்லை என்பது சத்தியம். ஆனால் எடுத்திருக்கிறேன் என்பதும் சத்தியம்.

எனக்கு மட்டும் நடப்பதில்லை இது. பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டு, அதற்கு முன் 1963-ல் பிரபலமாகியிருந்த 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாட்டின் மெட்டு என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 1976-ல் நீதிபதி சொன்னது இதுதான்: ஹாரிசன் வேண்டுமென்று செய்யவில்லை, அவர் அடிமனம் செய்திருக்கிறது, ஆனாலும் அது மீறல்தான். தெரியாமல் செய்தேன் என்பது மன்னிப்புக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. பணக்கணக்கெல்லாம் தீர அப்புறமும் பல வருஷம் இழுத்தது.

அதனால் எழுதி முடித்ததும் நானே சோதித்துக்கொள்ளும் ஒரு முறை வைத்திருக்கிறேன். கதை, குறும்படம், நாடகம் எழுதுகிறவர்களுக்கு இது உதவும். மெட்டுப் போடுகிறவர்களுக்குப் பாதிதான் உதவும், ஏனென்றால் காது வேறு மாதிரி வேலை செய்கிறது. இன்னொன்று, பேச்சில் காப்புரிமை என்கிறோம், அந்தச் சொல் பேட்டன்ட்டுக்கும் ஓடுகிறது என்பதால் இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் இதற்கு எல்லோரும் போய் நிற்கும் இடம் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பு. நம்ம ஊர் சம்பந்தமும் அதில் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆனந்த் டெல்லியில் நாடகம் எழுதி மேடையேற்றியவர். 1953-ல் 'ஹம் ஹிந்துஸ்தானி' எழுதினார், 1954-ல் மேடையேறியது. அடுத்தடுத்த இரண்டு வீடு, ஒன்றில் பஞ்சாபிக் குடும்பம், மற்றதில் அந்தக் காலத்து வழக்கில் சொன்னால் மதராஸிக் குடும்பம். பஞ்சாபிப் பெண்ணுக்கும் மதராஸிப் பையனுக்கும் காதல், இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. நாடகத்துக்கு நல்ல பெயர். படமாக்கலாமா என்று பேச்சு வந்து, இயக்குநர் மோகன் சேகல் 1955-ல் நேரில் வந்து முழு நாடகத்தையும் கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் தகவல் ஒன்றும் இல்லை. 1956-ல் சேகலின் 'நியூ டெல்லி' படம் வந்தது. பஞ்சாபிப் பையனாக கிஷோர் குமார், தமிழ்ப் பெண்ணாக வைஜயந்திமாலா, காதல், இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. ஆனந்த் படத்தைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார், டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றார், உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். படம் வந்து அதற்குள் 22 வருஷம்.

ஏன் தோற்றார் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. நீதிபதிகள் நாடகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாநிலப் பற்று மனுஷர்களை எப்படிப் பிரிக்கிறது என்ற மையக் கருத்து இரண்டிலும் ஒன்றுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாடகத்தில் அது கல்யாண விஷயத்தில் மட்டும் வருகிறது. படத்தில் ஜலந்தரிலிருந்து டெல்லிக்கு வரும் கதாநாயகனுக்கு முதலில் வாடகைக்கு வீடே கிடைப்பதில்லை, அவரவர் தன் ஊர்க்காரருக்குத்தான் கொடுப்பேன் என்கிறார்கள், அவர் தென்னிந்தியர் வேஷம் கட்டி இடம் பிடிக்கிறார், கதையே அந்த வேஷத்தில் தொடங்குகிறது. கூடவே அவர் தங்கையின் காதல் வங்காளிப் பையனோடு, அதோடு வரதட்சிணைப் பிரச்சினை. பஞ்சாபி எந்தப் பக்கம், தமிழ் எந்தப் பக்கம் என்பதும் தலைகீழ். ஆகவே கருத்து, பொருள், கதைக்கரு, வரலாறு, புராணம் இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது, அதை ஒருவர் சொன்ன விதம், அடுக்கிய விதம், வெளிப்படுத்திய வடிவம், இவற்றுக்குத்தான் உண்டு என்றார்கள். சோதனையும் ஒன்று கொடுத்தார்கள்: இரண்டையும் படித்த அல்லது பார்த்த ஒருவருக்கு, பின்னால் வந்தது முன்னால் வந்ததன் நகல் என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் எழ வேண்டும். எழுந்தால் மீறல்.

இதைப் படித்துவிட்டு, அப்ப கதை கேட்டுவிட்டுப் போய்ப் படம் எடுக்கலாம், நாலு காட்சி சேர்த்தால் போதும் என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. ஒரு தயாரிப்பாளர் என்னிடமே சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஒரு விஷயம். அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவரான பதக், முடிவை ஒத்துக்கொண்டாலும் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். நாடகத்தின் முக்கிய அம்சங்கள் படத்தைப் பாதித்திருப்பது தெரிகிறது, கீழே இரண்டு நீதிமன்றங்களும் ஒரே மாதிரி முடிவு செய்துவிட்டதால்தான் தலையிடவில்லை என்கிற தொனி அதில் உண்டு. அதாவது கோடு அவ்வளவு மெல்லிசு. அதன் மேல் குடியிருக்க முடியாது.

சட்டத்தைவிட எனக்கு உள்ளூர உதவியது, பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன நன்னூல் பாயிரம். நூலை மூன்றாகப் பிரிக்கிறது: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முன்னோர் சொன்ன முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வருகிறவன் தனக்கு 'வேண்டும் விகற்பம்', அதாவது வேண்டிய வேறுபாடு, கூறினால் அது வழிநூல். ஒரு பக்கம் மட்டும் முன்னதோடு ஒட்டி, மற்றபடி வேறாகப் போனால் அது சார்புநூல். இதை இன்றைய சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. வழிநூல் என்பது தழுவல், மொழிபெயர்ப்பு, ரீமேக். மூல ஆசிரியரின் உரிமை காலாவதியாகாதவரை அதற்கு அவருடைய அனுமதி வேண்டும், எவ்வளவு விகற்பம் சேர்த்தாலும் சரி. சார்புநூல் என்பது பாதிப்பு, அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். தகராறு எல்லாம் வழிநூலை எழுதிவிட்டு சார்புநூல் என்று சாதிப்பதில் வருகிறது.

சரி, உங்கள் கையில் இருப்பது வழியா சார்பா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு கதையை வைத்துச் செய்து காட்டுகிறேன். யாருடையதும் இல்லை, இந்தக் கட்டுரைக்காக நானே கட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி, பம்பாய்க்குப் போன மகன் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டான். தினமும் திண்ணையில் காத்திருக்கும் ஆச்சியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல், தபால்காரர் ஒரு இன்லண்ட் கடிதத்தில் மகன் எழுதியதுபோல் தானே எழுதிவந்து படித்துக் காட்டுகிறார். தன் கையெழுத்தைத் தானே பார்க்கக் கூசுவதால் இடது கையால் எழுதுகிறார். ஒவ்வொரு கடிதமும் "செவலை ஆடு குட்டி போட்டதா?" என்று முடியும். ஆச்சி செத்த பிறகு தலையணைக்கடியில் அத்தனை கடிதமும் கிடக்கின்றன, எதிலும் அஞ்சல் முத்திரை இல்லை, அது ஆச்சிக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுமியை விட்டு எழுத வைத்த பதில் ஒன்று அடியில் இருக்கிறது, தபால்காரர் பெயருக்கு: ஆடு மூணு குட்டி போட்டது, ஒண்ணு உனக்கு.

இதை நீங்கள் எங்கோ படித்தீர்கள், ஒரு மாதம் மனசை விட்டு அகலவில்லை, இப்போது உங்களுக்கும் இப்படி ஒன்று எழுத வேண்டும். வெங்காயம் மாதிரி உரித்துப் பாருங்கள், ஆனால் உள்ளிருந்து வெளியே.

நடுவில் இருப்பது 'பாசத்துக்காகச் சொல்கிற பொய்'. இது யாருடைய சொத்தும் இல்லை, உங்கள் அம்மாவே நூறு சொல்லியிருப்பார். அடுத்த சுற்று, 'எழுத்தறியாதவருக்குக் கடிதம் படிப்பவர், உள்ளதை மாற்றிப் படிப்பது'. இதுவும் பொதுவழி. எழுத்தறியாதவர்களும் தபாலும் இருந்த எல்லா ஊரிலும் இந்தக் கதை முளைக்கும். தபால்காரர் என்றால் சைக்கிள், காக்கிச் சட்டை, மணியார்டர் எல்லாம் வந்தே தீரும், அதை ஒருவர் எழுதிவிட்டார் என்று மற்றவர் விட முடியாது. போலீஸ் கதையில் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வருவதுபோல்.

மூன்றாவது சுற்றில் கால் கொஞ்சம் சுடும். 'தபால்காரரே மகனாக மாறி எழுதுகிறார், பெற்றவள் அதைத் தெரிந்துகொண்டே கேட்கிறாள்.' இதை மட்டும் எடுத்து முழுக்க வேறு மாதிரி எழுதினால் கோர்ட்டில் நிற்பீர்கள் என்று நினைக்கவில்லை, ஆனால் மூலத்தைப் படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். நாலாவது சுற்றுதான் அந்த எழுத்தாளர் ராத்திரி கண் விழித்துக் கண்டுபிடித்தது. இடது கை, செவலை ஆட்டுக் கேள்வி, முத்திரை இல்லாத கடிதம், கடைசிப் பதில். இதில் ஒன்றுகூட உங்களுடையது இல்லை.

ஆட்டை மாடாக்கலாமே என்று கேட்பார்கள். ஒரு தம்பி தன் குறும்பட ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து காட்டினான், மூலக்கதை எது என்று அவனே சொல்லியும்விட்டான், பெருமையாக. தபால்காரர் இருந்த இடத்தில் கூரியர் பையன், கடிதம் இருந்த இடத்தில் வாய்ஸ் மெசேஜ், கிராமம் இருந்த இடத்தில் வேளச்சேரி அபார்ட்மென்ட் என்கிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். எதுவுமே பழையது இல்லைதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் பழைய பொருள் செய்த வேலையையே, அதே இடத்தில், அதே வரிசையில் செய்தது. ஆணியெல்லாம் அடித்த இடத்திலேயே இருக்கிறது, மாட்டியிருக்கும் படம்தான் வேறு. "இது வாடகை வீட்டுக்கு வெள்ளை அடிச்சது தம்பி" என்றேன். கோபித்துக்கொண்டான். (இப்போது பேசுகிறான்.)

பெயரும் ஊரும் மாற்றினால் தப்பலாம் என்ற நம்பிக்கைக்கு நூறு வயசாகிறது. 1922-ல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படம், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை உரிமை வாங்காமல் எடுத்தது. டிராகுலா பிரபுவை ஓர்லாக் பிரபு ஆக்கினார்கள், லண்டனை ஜெர்மானிய ஊர் ஆக்கினார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் விடவில்லை. படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி 1925-ல் உத்தரவு வாங்கினார். தப்பித்த சில பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்பது ஸ்டோக்கர் நாவலில் கிடையாது, அங்கே டிராகுலா பகலிலும் நடமாடுவார். அது இந்தப் படம் கொண்டுவந்தது, பின்னால் வந்த காட்டேரிக் கதைகளில் பெரும்பாலானவை அதைப் பிடித்துக்கொண்டன. அவ்வளவு பெரிய விகற்பத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள், பாக்கிக் கதையையும் சொந்தமாகக் கட்டியிருக்கலாம். அல்லது காசு கொடுத்து உரிமை வாங்கியிருக்கலாம்.

ஊரை மட்டுமில்லை, நாட்டையே மாற்றினாலும் அதே கதைதான். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ' படத்தில் இருந்த சாமுராயை கௌபாய் ஆக்கி இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 1964-ல் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' விவகாரம் சமரசத்தில் முடிந்தது, உலக வசூலில் 15 சதவீதம் ஜப்பான் பக்கம் போனது. அதே குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தை ஹாலிவுட் முறைப்படி உரிமை வாங்கி 1960-ல் கௌபாய்ப் படமாக எடுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கையில் எடுத்துச் செய்ய வேண்டியது. ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் மூலக்கதையின் முக்கியத் திருப்பங்களை வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி, பெயர் இல்லாமல், தொழில் இல்லாமல். 'அவன் ஒரு பொய்யைத் தொடங்குகிறான்', 'அந்தப் பொய்யில் தன்னை மறைக்க ஒன்று செய்கிறான்', 'ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது', இப்படி. வலப்பக்கம் உங்கள் கதையை அதே முறையில். மூலத்தைப் பார்க்காமல் எழுத வேண்டும், பார்த்து எழுதினால் கை தானாக வேறு சொல் போட்டு ஏமாற்றும். இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இறங்கி வந்தால் பேனாவை மூடிவிடலாம். தொடக்கம் மட்டும் ஒத்துப்போய் அப்புறம் பிரிந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. முடிவு மட்டும் ஒத்துப்போனால் கவலைப்படுங்கள், ஏனென்றால் சிறுகதையில் முடிவுக்காகத்தான் மற்ற எல்லாமே கட்டப்படுகிறது, என் விளக்குக் கதையில் நடந்ததும் அதுதான்.

அப்புறம் ஒரு அடித்தல் வேலை. மூலத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்த எல்லாவற்றையும் உங்கள் பிரதியில் சிவப்பு மையால் அடியுங்கள். மிச்சம் இருப்பதை மட்டும் இரண்டு கதையும் தெரியாத ஒருவருக்கு வாயால் சொல்லுங்கள். கதை நிற்கிறதா? அவர் "அப்புறம்?" என்று கேட்கிறாரா? கேட்டால் உங்களிடம் ஏதோ இருக்கிறது. "அவ்வளவுதானா?" என்றால் இருந்ததெல்லாம் அடுத்த வீட்டு நகை.

இரண்டையும் படித்த ஒருவரிடம் கேட்பது நீதிமன்றம் சொன்ன சோதனைக்கு இன்னும் நெருக்கம். ஆனால் நண்பரிடம் கேட்காதீர்கள், நண்பர்கள் பொய் சொல்வார்கள். நிறையப் படித்த, உங்கள் மேல் கொஞ்சம் எரிச்சலும் உள்ள ஆள் கிடைத்தால் உத்தமம்.

சரி, அடித்துவிட்டோம், ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் அந்தக் கதை இன்னும் மனசைப் பிராண்டுகிறது. அப்போது கதையை விட்டுவிட்டு, பிராண்டுவது எந்த இடம் என்று தேடுங்கள். தபால்காரர் கதையில் என்னைப் பிடித்தது பொய் இல்லை, ஆடும் இல்லை. ஆச்சியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை என்ற அந்த அரை வாக்கியம்தான். அடுத்தவர் அழுகைக்குப் பக்கத்தில் வேலை நிமித்தமாக நிற்க வேண்டியிருக்கிற ஒரு மனுஷன். இதை நான் எங்கே பார்த்தேன் என்று கேட்டுக்கொண்டேன். தொண்ணூறுகளில் எங்கள் கடைத்தெருவில் இருந்த எஸ்டிடி பூத். புருஷன் துபாயிலோ சவுதியிலோ இருக்கும் பெண்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அழைப்புக்குக் காத்திருப்பார்கள். மணி அடித்ததும் பூத்துக்கார அண்ணன் பெயரைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்து சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே அழுதாலும் சிரித்தாலும் திரும்ப மாட்டார். அத்தனை வருஷமும் அவர் அந்தக் காலண்டரில் என்னத்தைப் பார்த்தார்? அங்கே எனக்கு ஒரு கதை இருக்கிறது. அதில் கடிதம் இல்லை, பொய் இல்லை, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் தாய் இல்லை. தபால்காரரிடம் வாங்கியது ஒரே ஒரு பார்வை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவது என்று நன்னூல் சொன்னது இந்த மாதிரிதான் இருக்க வேண்டும்.

எழுத உட்காரும்போது மூலத்தைத் திறக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் ஆறவிடுங்கள். எங்கிருந்து எது வந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் உங்களுக்கே பதில் தெரியும். வரைவுகளை அழிக்காதீர்கள். சினிமா எழுத்தாளர் சங்கத்தில் பதிவதோ, 500 ரூபாய் கட்டிப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவதோ நல்லதுதான், ஆனால் எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு என்பது இந்தத் தேதியில் இது என் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி மட்டும்.

அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை வேகமாகத் தாண்டிவிடலாம். முப்பது விநாடி வரை பாட்டு போடலாம் என்று நம் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி இந்த மாதிரிக் காரணங்களுக்கு நியாயமான அளவு எடுத்தாளலாம், எது நியாயம் என்பது இடத்தைப் பொறுத்தது. வீடியோ கீழே 'உரிமை மீறும் நோக்கமில்லை' என்று எழுதுவது, 'நான் திருடன் இல்லை' என்று எழுதி ஒட்டிக்கொண்டு சுவர் ஏறுவது மாதிரி. நன்றி கார்டு போட்டால் போதும் என்பதும் இல்லை, நன்றி வேறு, அனுமதி வேறு. காசு சம்பாதிக்கவில்லையே என்பதும் தனியாக நின்று காப்பாற்றாது. ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது என்றாலும் வெளியிடுவது நீங்கள்தான், அதையும் அதே தாளில் மடித்துச் சோதியுங்கள், சொல்லப்போனால் அதைத்தான் முதலில்.

இறந்தவர் எழுத்து எல்லாம் இலவசம் என்பதும் பாதி உண்மை. ஆசிரியர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு கணக்கு. முன்பு 50 தான், 1941-ல் மறைந்த தாகூரின் உரிமை முடியும் நேரத்தில் பத்து வருஷம் கூட்டினார்கள். 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. தமிழில் நமக்கு ஒரு வசதி, நாட்டுடைமை. 1949-லேயே பாரதி எழுத்தை அன்றைய சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது, அப்புறம் தமிழ்நாடு அரசு எத்தனையோ பேரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றைத் தாராளமாகத் தழுவலாம். ஆனால் பாரதி வரியைத் தன் வரி என்று போட்டுக்கொள்பவனைச் சட்டம் விட்டுவிடும், தமிழ் வாசகன் விடமாட்டான். குறள் எல்லோருக்கும் சொந்தம், அதற்குப் போன வருஷம் ஒருவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இத்தனையும் பார்த்து, உரித்து, அடித்து, கடைசியில் உங்களுக்கு வேண்டியது அந்தத் தபால்காரரும் அந்த ஆடும்தான் என்றால் ஒன்றும் குற்றமில்லை. அது வழிநூல். கேட்டு வாங்குங்கள். நம்மவர்கள் கேட்கவே கூச்சப்படுகிறார்கள், மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று. மறுத்தால் வேறு கதை. ஆனால் சிறுகதை எழுதுகிறவர்களுக்கு தங்கள் கதையைப் பற்றி ஒரு ஆள் கடிதம் எழுதுகிறான் என்பதே வருஷத்தில் ஒரு தடவை நடக்கும் அதிசயம்.

வாய்வார்த்தை போதாது, எழுத்தில் கையெழுத்தோடு வேண்டும். எந்தக் கதை, என்ன வடிவம் (குறும்படமா, மேடை நாடகமா), எந்த மொழி, எத்தனை வருஷத்துக்கு, எந்த நாடுகளில், எவ்வளவு பணம், பெயர் எங்கே எப்படி வரும், எல்லாம் எழுதுங்கள். காலம் எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் ஆசை இருந்தால் அந்த ஒரு வரி முக்கியம். உரிமையை எழுதி வாங்கிவிட்டு ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அது காலாவதியாகிவிடலாம், அதையும் பேசிக்கொள்ளுங்கள். பெரிய தொகை புரளும் இடம் என்றால் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் தடவை நான் அனுமதி கேட்டு எழுதியது ஒரு மூத்த எழுத்தாளருக்கு, ஒரு பக்கம் முழுக்க அவரைப் புகழ்ந்து, அடுத்த பக்கத்தில் பயந்து பயந்து விஷயம். நாலு மாதம் பதில் இல்லை. அப்புறம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. படம் எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம், திரையிடும்போது கூப்பிடவும், கிளைமாக்ஸை மட்டும் மாற்றிவிடுங்கள், எனக்கே அது பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார்.